12 நாளில் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் வயது 34. நான்கு மாதங்களுக்கு முன் லிஃப்டில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், செத்துவிடப் போகிறேன் என்றே பயந்துவிட்டேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் ஏழெட்டு முறை இப்படி வந்துவிட்டது. இப்போது லிஃப்டில் ஏறுவதே இல்லை. தனியாக வெளியே போவதும் குறைந்துவிட்டது. மனநல மருத்துவர், இது 'பேனிக் டிஸ்ஆர்டர்' என்று சொல்லி, தினமும் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரையும், படபடப்பு தாங்க முடியாதபோது மட்டும் குளோனசெபாமும் எழுதிக் கொடுத்தார். 12 நாட்களாகச் சாப்பிட்டும் குமட்டலும் தூக்கக் கெடுதலும்தான் கண்ட பலன். மனநோய் மாத்திரையைத் தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது, கவுன்சலிங்கே போதும் என்கிறார் என் அக்கா. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவுன்சலிங் போகலாமா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம், நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இந்த வகை மாத்திரையில் 12ஆம் நாள் என்பது மிகவும் சங்கடமான கட்டம். பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன; பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்துத்தான் மெல்லத் தெரியத் தொடங்கும், முழுமையாகத் தெரிய இன்னும் பல வாரங்கள் ஆகலாம். செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்புச் செல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இம்மருந்து சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது என்றாலும், அந்த மாற்றத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது. 'உங்களுக்கு செரட்டோனின் குறைவாக இருக்கிறது, மாத்திரை அதை நிரப்பிவிடும்' என்று யாராவது சொல்லியிருந்தால், அது நோயாளிக்குப் புரியட்டும் என்று அளவுக்கு மீறிச் சுருக்கிய விளக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குமட்டல் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும். தூக்கம் கெடுகிறது என்றால் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பீதிக் கோளாறு (பேனிக் டிஸ்ஆர்டர்) உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. அதனால்தான் பலரும் 5 மி.கி. அளவில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். உங்களுக்கு நேரடியாக 10 தொடங்கப்பட்டிருந்தால், அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால், இருப்புக் கொள்ளாத தவிப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தலைகாட்டினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அக்கா சொல்வதில் பாதி சரி. பீதிக் கோளாற்றை மாத்திரை இல்லாமல், உளவியல் சிகிச்சையை மட்டும் கொண்டும் குணப்படுத்த முடியும். ஆனால் 'கவுன்சலிங்' என்பது மிகவும் தளர்வான சொல். எதிரில் உட்கார்ந்து ஆறுதல் கூறுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். உங்களுக்குத் தேவைப்படுவது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறையும், அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து வளர்ந்தது இது.

அதில் என்ன செய்வார்கள் என்பதை உங்கள் விரல்களில் இருந்தே தொடங்கிச் சொல்கிறேன். லிஃப்டில் நெஞ்சு ஒரு துடிப்பு வேகமாகத் துடித்தது. 'மாரடைப்பு' என்று மனம் அதற்குப் பொருள் கொண்டது. பயத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு இன்னும் கூடியது. மூச்சு முட்டுவதாக நினைத்து வேகவேகமாக இழுத்தீர்கள். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை சுற்றும். அந்த மரமரப்பையே சாவின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டால் சுழல் முழுமையாகிவிடுகிறது. சிகிச்சையாளர் இதை விளக்குவதோடு நிற்காமல், தம் அறையிலேயே உங்களை ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார், மெல்லிய குழாய் வழியாக மட்டும் மூச்சு இழுக்கச் சொல்வார். நான் அனுப்பிவைத்த ஒருவர் முதல் முறை இதைச் செய்துவிட்டு, மரத்த கையை நீட்டிக்கொண்டு, 'இதேதான் டாக்டர், இதே தான் வரும்' என்று கிட்டத்தட்டச் சிரித்தபடி சொன்னார். எதை மரணம் என்று நினைத்திருந்தாரோ அதைத் தாமே வரவழைத்து, அது தானாக அடங்குவதையும் பார்த்துவிட்ட பிறகு, அதன் மிரட்டல் பாதியாகிவிட்டது.

அடுத்தது லிஃப்ட். கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது, துணையோடு ஒரு மாடி, தனியாக ஒரு மாடி, பிறகு மேல்மாடி வரை என்று ஏற வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடிவிட்டால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்றே மூளை கற்றுக்கொள்ளும். ஆகவே பயம் தானாகத் தணியும் வரை அங்கேயே நிற்பதுதான் பயிற்சி. வாரம் ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளும், அவற்றுக்கு இடையில் நீங்களே செய்துவர வேண்டிய வீட்டுப் பயிற்சியும் தேவைப்படும். நாலைந்து அமர்வுகள் கடந்தும் செய்துபார்க்க எதுவுமே தரப்படவில்லை என்றால், நீங்கள் பெறுவது சி.பி.டி. தானா என்று தயங்காமல் கேளுங்கள்.

அக்காவின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஆனால் அது எஸ்சிட்டலோபிராமுக்குப் பொருந்தாது, உங்கள் கைப்பையில் இருக்கும் குளோனசெபாமுக்குத்தான் பொருந்தும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தருவதால்தான் அதற்கு மனம் அடிமையாகிறது. தினமும் போட்டுவந்தால் சில வாரங்களிலேயே உடல் பழகிவிடும். பழகிய பின் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்வது ஆபத்து. போதாக்குறைக்கு, லிஃப்டில் ஏறுமுன் அதைப் போட்டுக்கொண்டால், நீங்கள் தைரியமாக ஏறிய பெருமை முழுவதையும் மாத்திரை தட்டிச் சென்றுவிடும், பயிற்சி வீணாகும். இதுவரை எத்தனை முறை போட்டீர்கள் என்று கணக்கெடுத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் சில வாரங்களைத் தாண்டி அது தேவைப்படக் கூடாது. எஸ்சிட்டலோபிராம், 'மாத்திரை வேண்டும்' என்ற ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. இருந்தாலும் பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு எல்லாம் வரும் என்பதால், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம்.

மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா என்ற கேள்விக்கு எல்லா மனநோய்க்கும் ஒரே பதில் கிடையாது. லிஃப்டைக் கண்டு மட்டும் பயம், பீதித் தாக்குதல் எதுவும் இல்லை என்றால் மாத்திரைக்கு அங்கு அநேகமாக வேலையே இல்லை. லேசான மனச்சோர்வுக்கு முதலில் உளவியல் சிகிச்சை, கடுமையானதற்கு இரண்டும். வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடிக்கு இரண்டுமே பலன் தரும், ஆனால் மருந்தின் அளவும் காத்திருக்கும் காலமும் கூடுதல். மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரினியா), மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாற்றிலும் (பைபோலார்) மருந்துதான் அடித்தளம். பேச்சுச் சிகிச்சை அதன் மேல் கட்டப்படுவது. இருமுனையக் கோளாற்றுக்கு ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிமுகப்படுத்திய லித்தியம், ரத்த அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணித்தபடி இன்றும் தரப்படுகிறது. இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. இருமுனையம் உள்ளவருக்கு எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தால் மனம் மிகை எழுச்சிக்குத் தாவிவிடக்கூடும். தூக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகமாக, நாட்கணக்கில் கட்டுக்கடங்காமல் இருந்த காலம் எப்போதாவது உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் எவருக்கோ இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து இது. வெளியே போவதே குறைந்துவிட்டதால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். மாத்திரைக்குக் குறைந்தது ஆறு வாரங்களாவது அவகாசம் கொடுங்கள். அதன் பலன் தெரியட்டும் என்று காத்திராமல் சி.பி.டி.யை இப்போதே தொடங்குங்கள். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரையைத் தொடர்ந்து, பின் மெல்லக் குறைக்கலாம்; பயிற்சியில் கற்றது அதற்குப் பிறகும் உங்களோடு வரும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். காபியைக் குறையுங்கள். ஒவ்வொரு தாக்குதலும் எத்தனை மணிக்கு வந்தது, எங்கே, எத்தனை நிமிடத்தில் தணிந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு சிறு நோட்டில் குறித்து, அடுத்த முறை மனநல மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.