விஜ்லி கப்பல்: பயணிகள் பட்டியலுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் கட்ச் மாண்டவி. தலைமுறைகளாகச் சென்னை சௌகார்பேட்டையில் இருக்கிறோம். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1888-ல் புயலில் காணாமல் போன விஜ்லி கப்பலில், போர்பந்தரில் ஏறிப் போனவர், திரும்பவில்லை என்று அத்தை சொல்வார். அசல் பயணிகள் பட்டியலின் நகல் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே கணக்குகள் ஒத்துப்போகவில்லை. 740-க்கு மேல் என்கிறது ஒரு கணக்கு, ஊர்ப்பேச்சில் 1,300. எல்லோர் பெயரும் அடங்கிய பட்டியல் ஒன்று கைக்கு வந்திருந்தால் இந்தக் குழப்பமே இருக்காது.

அவர் காட்டும் தாளில் கப்பலின் பெயரைப் பாருங்கள். பதிவில் அது எஸ்.எஸ். வைதர்ணா. 1885-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் கட்டியது, பம்பாய் ஷெப்பர்டு கம்பெனிக்குச் சொந்தம். மின்விளக்கு எரிந்ததால் ஜனங்கள் வைத்த பெயர்தான் விஜ்லி, அதாவது மின்சாரம். கம்பெனித் தாள் என்று காட்டுவதில் ‘விஜ்லி’ என்று மட்டும் இருந்தால் வந்த வழியே அனுப்பிவிடுங்கள். பழுப்பேற்றிய தாளும் ரப்பர் ஸ்டாம்ப்பும் யாருக்கும் கிடைக்கும். அடுத்து ‘விஜ்லியில் கிடைத்த நாணயம்’ என்று ஒன்றை நீட்டுவார்கள். தேடிப் போன கப்பல்களுக்கு ஒரு பலகைகூடச் சிக்கவில்லை. நாணயம் எங்கிருந்து வரும்?

அத்தை சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் 8 அன்று மாண்டவியிலிருந்து கிளம்பிய கப்பல் துவாரகையில் ஆள் ஏற்றிக்கொண்டது. கடல் மோசமானதால் போர்பந்தரில் நிறுத்தாமல் நேரே பம்பாய் நோக்கிப் போனது. மங்ரோல் கரையிலிருந்து பார்த்ததாகச் சொல்வார்கள். அப்புறம் புயலில் காணாமல் போயிற்று. ஆக, போர்பந்தரில் அவர் ஏறியிருக்க முடியாது. அதற்காகக் கதையே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். மாண்டவியில் ஏறி, போர்பந்தரில் இறங்க வேண்டியவராக இருந்திருக்கலாம். அங்கே வீட்டார் காத்திருந்த செய்தி, வாய் மாறி வாய் மாறி ‘அங்கே ஏறினார்’ என்று ஆகியிருக்கலாம். போர்பந்தரிலிருந்து துவாரகைக்கு யாத்திரை போய், அங்கே ஏறியிருக்கவும் இடமுண்டு. அவருக்குப் போர்பந்தரில் யார் இருந்தார்கள் என்று அத்தையிடமே கேளுங்கள்.

அரசு விசாரணை நடந்தது. உயிர்காப்புப் படகுகளும் மிதவைச் சட்டைகளும் போதாது என்று தெரிந்தது. பம்பாய் மாகாணப் பழைய கோப்புகள் மும்பையில் மகாராஷ்டிர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நேரில் போய், விண்ணப்பம் கொடுத்து, துறைவாரியாகத் தேட வேண்டும். இத்தனை உயிர் போன விபத்தின் தாள்களுக்காக, செத்தவர்களின் வாரிசுகள் இப்படி அலைய வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. தரகர்கள் பிழைப்பதே அதனால்தான்.

நீங்கள் முதலில் தேட வேண்டியது உங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை. கப்பல் கிளம்பிய அன்றைக்குக் கார்த்திகை சுக்ல பஞ்சமி, லாப பஞ்சமி. குஜராத்தி வியாபாரிகள் தீபாவளிக்குப் பிறகு கடை திறந்து புதுக் கணக்கு எழுதும் நாள். அப்போது பிறந்த விக்ரம ஆண்டான சம்வத் 1945-ன் முதல் பக்கங்களில் பயணச் செலவோ, பின்னால் ஈமச் செலவோ எழுதியிருந்தால், தரகர் தரும் எந்தத் தாளையும்விட அது பெரிய சாட்சி. வீட்டில் திதி கொடுக்கிற வழக்கம் இருந்தால், எந்தத் திதி என்றும் பாருங்கள். மாண்டவிப் பக்கம் உங்கள் குலத்துக்கு வம்சாவளி எழுதும் பாரோட் இருந்தால், அவருடைய ஏட்டையும் கேளுங்கள்.

புத்தகம் கிடைத்தால் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். ‘சரிபார்த்துத் தருகிறேன்’ என்று யார் கேட்டாலும் அசலைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.