ஆதிச் சபையில் தலைவர்கள் உண்மையிலேயே பணிவிடை செய்தார்களா?

"தலைவன் என்றால் ஊழியக்காரன்" என்பது ஆதிச் சபையில், அதாவது முதல் கிறிஸ்தவர்களின் சபையில், வெறும் போதனையா, நடைமுறையிலும் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்.

எருசலேம் சபையில் சாப்பாட்டுப் பிரச்சினை. தினமும் உணவு பகிரும்போது தங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று சபையில் இருந்த கிரேக்கம் பேசும் யூதர்கள் முறையிட்டார்கள். சபைத் தலைவர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. வேண்டியவர்களைப் பொறுக்கி நியமிக்கவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, இந்த வேலைக்கு ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! யாருக்குக் குறை வைத்தார்களோ அந்தத் தரப்பிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எப்போது வாசித்தாலும் மனம் நெகிழ்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதவைகளுக்கு உணவு பகிர்வதற்கும் அப்போஸ்தலர்களின் வசன ஊழியத்துக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்தான்: தியாகோனியா. பந்தி பரிமாறுவது தாழ்ந்த வேலை, பிரசங்கம் உயர்ந்த வேலை என்ற பிரிவினை அந்தச் சொல்லில் இல்லை.

அப்போஸ்தலனாகிய பவுலும் தனி ஆளாக ஓடவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெயர் பெயராக நன்றியும் வாழ்த்தும் சொல்கிறார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள், அவருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பட்டியல் நீள்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த தெர்தியுவும் நடுவில் தன் பெயரைச் சொல்லி ஒரு வாழ்த்து சேர்த்திருக்கிறார்.