கொல்லைக் குளத்தில் கோய்: கேள்வி பதில்

அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெண்டையான கோய் மீன் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும்தான் கேட்கிறார்கள். என் பதில்களில் தண்ணீர்தான் அதிகம் வரும். மீன் சாகிற வீடுகளில் காரணம் அநேகமாகத் தண்ணீரில்தான் இருக்கிறது.

அக்கா, 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழத்துக்குத் தொட்டி கட்டி ஒரு வாரம் ஆகிறது. 30 மீன் வாங்கி விடலாமா? (ராஜபாளையம்)

6 அல்லது 7 போதும் தம்பி, அதுவும் இப்போது வேண்டாம். உங்கள் தொட்டியில் சுமார் 6,800 லிட்டர் பிடிக்கும். கடையில் விரல் நீளம் இருக்கும் குஞ்சு நல்ல தொட்டியில் 2 அடி வரை வளரும். அப்படிப்பட்ட மீனுக்கு ஆளுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். 4 அடி ஆழம் வைத்தது நல்ல வேலை. ஆழமில்லாத தொட்டி நம் வெயிலில் மதியத்துக்குள் சூடேறிவிடும்.

புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி, தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9-ஐயும் தாண்டும். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, இறைத்து ஊற்றுங்கள். பிஎச் 8.5-க்குக் கீழே வந்து நிலைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைக்கிறவர்களும் உண்டு. போட்டால் பிறகு தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

அதற்குப் பிறகு பில்டர். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும். பில்டரில் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை 2 மீன், கொஞ்சம் தீனி, டெஸ்ட் கிட்டில் அடிக்கடி சோதனை. பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. தண்ணீர் பச்சையாக இருக்கிறது. (வேலூர்)

மூச்சுத் திணறுகின்றன அம்மா. இன்று இரவே ஏர் பம்ப் ஓட வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அந்தப் பச்சை நுண்பாசி, பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடிகிற நேரத்தில் இருப்பு அடிமட்டத்துக்குப் போகிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து பலர் இரவில்தான் பம்பை நிறுத்துகிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு எரியும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் பம்பை இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

பச்சை போக நிழல் வலை கட்டுங்கள், தீனியைக் குறையுங்கள், முடிந்தால் யுவி விளக்கு பொருத்துங்கள். பாசிக்கொல்லி மருந்தை மட்டும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும்.

எந்த நோய்க்கும் கல்லுப்பு போடச் சொல்கிறார்களே? (கும்பகோணம்)

எந்த நோய்க்கும் என்பது தவறு. நைட்ரைட் ஏறியிருந்தால் உப்பு உண்மையிலேயே காப்பாற்றும், சில ஒட்டுண்ணிகளுக்கும் உதவும். 1,000 லிட்டருக்கு 3 கிலோ வரை, 2 அல்லது 3 நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கும். தண்ணீர் குறைந்ததை மட்டும் நிரப்பிவிட்டு மறுபடி உப்புப் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். தொட்டியில் அல்லி, தாமரை இருந்தால் வாடிவிடும்.

மீன் உடம்பில் வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது, ஒட்டிய இடம் சிவந்திருக்கிறது. உப்புக்கும் போகவில்லை. (நாகர்கோவில்)

அது நங்கூரப் புழு. மீனை ஈரத்துணியில் பிடித்து, புழுவை அடிப்பாகத்தில் இடுக்கியால் பற்றி மெதுவாக இழுத்தெடுத்து, அந்த இடத்தில் பொவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள். புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும், ஆகவே தொட்டிக்கும் மருந்து வேண்டும். டைஃப்ளூபென்சுரான் இதற்குக் கேட்கும்; அளவை மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். இது அநேகமாகப் புது மீனோடு வருவது. இனி எதை வாங்கினாலும் 3, 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

சிவப்பு மங்குகிறது. ஜப்பான் மீனுக்கு மட்டும்தான் நிறம் நிற்குமா? (கோவை)

நிறத்தில் பெரும் பங்கு பரம்பரை. ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சத்துக்கு அந்த மதிப்பு நியாயமானதுதான். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி கலந்த தீனி சிவப்பைத் தூக்கும். அதிகமானால் வெள்ளை மஞ்சளாகும்.

மீன் பெரிதாகிவிட்டது, பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா? (செங்கல்பட்டு)

வேண்டவே வேண்டாம் சார். கோய் என்பது நிறம் ஏறிய கெண்டை இனம்தான். சேற்றைக் கிளறித் தின்னும், நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கும், தன் நோயையும் அங்கே இறக்கிவிடும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய குளம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கொண்டுபோகும் நாளுக்கு முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், பையில் தண்ணீர் கெடாது.