சிட்னி முதல் பெர்த் வரை: ரயிலில் ஆஸ்திரேலியாவைக் கடப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சிட்னியில் ஏறி பெர்த்தில் இறங்க ஆசை. திட்டத்தை எங்கே தொடங்குவது?

ரயில் தேதியில் தொடங்குங்கள். விமானமும் ஹோட்டலும் அதற்கு அப்புறம்தான். இந்தப் பாதையில் ஓடும் 'இந்தியன் பசிபிக்' ஒவ்வொரு திசையிலும் வாரத்துக்கு ஒரு முறைதான் கிளம்புகிறது. 4,352 கி.மீ. தூரம், மூன்று இரவுகள். அதை விட்டால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு ரயிலைத் தேடுபவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

பெர்த்தில் இறங்கும் நாளிலேயே ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்க நினைக்காதீர்கள். நடுவில் ஓர் இரவாவது தங்குங்கள். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். 1,800 மீட்டர் நீளம் வரை இருக்கும் சரக்கு ரயில்களும் அதில்தான் ஓடுகின்றன. எதிரே ஒன்று வந்தால், ஏதோ ஒரு ரயில் பக்கத்தில் போட்டிருக்கும் கிராசிங் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அது பாலைவனத்தின் நடுவில் அரை மணி நேரமாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். கடும் வெயில் அடித்தால் தண்டவாளம் விரிந்து நெளியும் என்று வேகத்தைக் குறைப்பார்கள். எப்போதோ பெய்யும் பெருமழை இன்னும் மோசம். 2022 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் வந்த வெள்ளம் பாதைக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் அரித்துக்கொண்டு போனது; வாரக்கணக்கில் ரயில் ஓடவில்லை.

கிழக்கிலிருந்து மேற்கா, மேற்கிலிருந்து கிழக்கா? எந்தத் திசை நல்லது?

மேற்கு நோக்கிப் போவதுதான் உடம்புக்குச் சுகம். போகப் போகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் தூங்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். சிட்னியைவிட பெர்த் இரண்டு மணி நேரம் பின்தங்கியது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை இந்த வித்தியாசம் மூன்று மணி நேரம். அந்த மாதங்களில் சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவார்கள், பெர்த்தில் அந்த வழக்கம் கிடையாது. கிழக்கு நோக்கி வருபவர்கள் இதே நேரத்தை இழக்கிறார்கள். வயதானவர்கள் கூட வந்தால் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

வழியில் ஒரு குழப்பம் உண்டு. புரோக்கன் ஹில் இருப்பது சிட்னி இருக்கும் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். ஆனால் அந்த ஊர்க் கடிகாரம் ஓடுவது வழியில் அடுத்து வரும் தெற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் அடிலெய்டின் நேரப்படி, சிட்னிக்கு அரை மணி நேரம் பின்னால். கைபேசி சிட்னி நேரத்திலேயே நின்றுவிட்டால் எல்லாக் கணக்கும் தப்பும். ரயிலில் அறிவிக்கும் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

நல்லர்பார் சமவெளியை எந்தத் திசையில் போனாலும் பகலில்தான் கடப்பீர்கள். மரமே இல்லாத சுண்ணாம்புக்கல் தரை. அதன் மேல் ஒரு வளைவுகூட இல்லாமல் 478 கி.மீ. தண்டவாளம் நேராக ஓடுகிறது. உலகிலேயே மிக நீளமான நேர்ப்பாதை இது. ஜன்னலை விட்டு நகராதீர்கள். தரையின் நிறமும் புதரின் உயரமும் மெல்ல மெல்ல மாறுவது விடாமல் பார்ப்பவருக்கே தெரியும். கைபேசிச் சிக்னலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அடிலெய்டிலேயே சொல்லிவிடுங்கள்.

தனியாகப் போகிறேன். எந்த கேபின் எடுக்கலாம்?

கோல்டு வகுப்பில் ஒருவருக்கான கேபின் இருக்கிறது. ஆனால் குளியலறையும் கழிப்பறையும் பெட்டியின் கோடியில், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். இரட்டை கேபினில் இரண்டும் உள்ளேயே உண்டு, படுக்கை மேலே ஒன்று, கீழே ஒன்று. இரவில் அடிக்கடி எழுபவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது இரட்டை கேபினைத் தனியாக எடுப்பது நல்லது. முழங்கால் வலி உள்ளவருக்கு மேல் படுக்கைக்குப் போகும் ஏணி சரிப்படாது.

பெரிய பெட்டிகள் லக்கேஜ் வேனுக்குப் போய்விடும், வழியில் திறக்க முடியாது. மாத்திரை, சார்ஜர், மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர், எல்லாம் சின்னக் கைப்பையில் இருக்கட்டும். சைவ உணவோ ஒவ்வாமையோ இருந்தால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். பாலைவனத்தின் நடுவில் சமையலறைக்கு எதுவும் வாங்க வழியில்லை.

இவ்வளவு செலவு தாங்காது. சாதாரண ரயில்களை மாற்றி மாற்றிப் போக முடியாதா?

பாதி முடியும், பாதி முடியாது. இந்தியன் பசிபிக்கின் கட்டணம் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலிய டாலர். சாப்பாடும் சுற்றிக் காட்டுவதும் அதிலேயே அடக்கம் என்றாலும் பெரிய தொகைதான். இருக்கை மட்டும் கொண்ட மலிவு வகுப்பு இப்போது கிடையாது.

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குத் தினமும் ரயில் உண்டு, சுமார் 11 மணி நேரம். மெல்போர்னிலிருந்து அடிலெய்டுக்கு 'ஓவர்லேண்ட்', ஒரு பகல் பயணம், ஆனால் தினமும் கிடையாது. பாலைவனம்தான் வேண்டும் என்பவர்கள் திங்கட்கிழமை அதிகாலை சிட்னியில் கிளம்பும் ரயிலில் புரோக்கன் ஹில் வரை போகலாம். அங்கிருந்து அடிலெய்டுக்குப் பஸ்.

சிக்கல் அடிலெய்டுக்கு மேற்கே. மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கல்கூர்லி வரை சுமார் 2,000 கி.மீ. தூரத்துக்கு வேறு பயணிகள் ரயிலே இல்லை. கல்கூர்லியிலிருந்து பெர்த்துக்கு 653 கி.மீ., 'ப்ராஸ்பெக்டர்' ஏழு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுவிலுள்ள அந்தப் பகுதியை விமானத்தில் தாண்டுவதே மலிவு. எங்கள் யோசனை: பணம் ஒரே ஒரு பகுதிக்குத்தான் போதும் என்றால் அடிலெய்டு–பெர்த் துண்டை மட்டும் இந்தியன் பசிபிக்கில் போங்கள். நல்லர்பார் அதற்குள்தான் வருகிறது.

அடிலெய்டில் இந்த ரயில் நிற்பது நகர மையத்து ஸ்டேஷனில் இல்லை, கெஸ்விக்கில் உள்ள பார்க்லேண்ட்ஸ் டெர்மினலில். ஓவர்லேண்டும் அங்கேதான் வரும். டாக்சிக்காரரிடம் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

கையில் பழம் எடுத்துப் போகலாமா?

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கூடாது. பழம், காய்கறி மட்டுமல்ல, தேனுக்கும் தடை. பழ ஈயும் தேனீ நோய்களும் உள்ளே வராமல் தடுக்க அந்த மாநிலம் கடுமையாகச் சோதிக்கிறது. உள்நாட்டுப் பயணம்தானே என்று அசட்டையாக இருந்தால் அபராதம். எல்லைக்கு முன்பே தின்று தீருங்கள், இல்லாவிட்டால் கேட்கும்போது ஒப்படைத்துவிடுங்கள்.

அப்படியே டார்வினுக்கும் ரயிலில் போக முடியுமா?

முடியும். அடிலெய்டிலிருந்து 'தி கான்' 2,979 கி.மீ. வடக்கே போகிறது. நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை இருந்த பாதை 2004இல்தான் டார்வினைத் தொட்டது. உள்நாட்டின் நடுப்பகுதியை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் பார்ப்பதே நல்லது. மற்ற மாதங்களில் வெயில் வாட்டும். இரண்டு ரயில்களையும் இணைக்கும்போது அடிலெய்டில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அட்டவணையில் பார்த்து, அதற்கும் தங்குமிடம் போடுங்கள். டார்வின் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து குயின்ஸ்லாந்துக்கு ரயில் பாதை இல்லை. மேலே போக விமானமோ பஸ்ஸோதான்.