கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது... ஆஸ்துமா மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: சம்பா அறுவடை ஆரம்பித்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை. தூசியில் இளைப்பு வந்து, நீல இன்ஹேலரை நாளுக்கு ஐந்தாறு தடவை அடிக்கிறார். அடித்த சற்று நேரத்தில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதயத்துக்கு ஆபத்தா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: நடுக்கமும் படபடப்பும் நீல இன்ஹேலரில் இருக்கிற சால்பியூட்டமால் மருந்தின் குணம். மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற அதே மருந்து கைத் தசையையும் இதயத்தையும் தூண்டிவிடுகிறது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அளவு மீறினால் பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். நெஞ்சு வலியோ, துடிப்பு தப்பித் தப்பி அடிப்பதோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்களுக்குக் கவலை தருவது நடுக்கம் இல்லையம்மா, அந்த ஐந்தாறு தடவைதான். ஒரு இன்ஹேலரில் 200 பஃப் (ஒருமுறை அழுத்தினால் ஒரு பஃப்). தடவைக்கு இரண்டு வீதம் போனால் 17 முதல் 20 நாளில் தீர்ந்துவிடும். நீல இன்ஹேலர் குழாயைத் திறந்துவிடுமே தவிர உள்ளே இருக்கிற வீக்கத்தை ஆற்றாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். வீக்கத்தை ஆற்றுகிற ஸ்டீராய்டு இன்ஹேலர் அவருக்கு வேண்டும்; இந்த வாரமே காட்டுங்கள். அதுவரை நீலத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தலைத்துண்டை மூக்கில் சுற்றினால் நுண்ணிய உமித்தூசி நிற்காது, என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பா கோயிலில் ஓதுவார், வயது 58. ஆறு மாதமாகக் காலை, மாலை ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார். இளைப்பு அறவே இல்லை. ஆனால் குரல் கம்மிவிட்டது, தேவாரம் பாடும்போது மேல் ஸ்தாயி எட்டவில்லை. மருந்தே வேண்டாம் என்கிறார்.
- வாசகர், திருவையாறு

பதில்: பாட்டே உயிராக இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்பது புரிகிறது. இருந்தாலும் விடக் கூடாது. விட்டால் சில வாரங்களில் இளைப்பு திரும்பிவிடும்.

இழுக்கிற மருந்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போய்ச் சேராமல் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. முதலில் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை இருந்தால் அது பூஞ்சை. மருத்துவர் தரும் குளோட்ரிமசோல் தடவினால் சரியாகும். வெள்ளை இல்லையென்றால், குரல்நாணில் படிந்த மருந்தே கம்மலுக்குக் காரணமாக இருக்கலாம்.

வாய் கொப்பளிப்பது பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் தண்ணீர் குரல்நாண் வரை போகாது. அங்கேதான் ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்துகிற பிளாஸ்டிக் குழாய், உதவும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகி, ஒரே ஒரு பஃப் அடித்து, மெதுவாக ஆழ இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து. இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். காலையில் இன்ஹேலர் முடித்துவிட்டுப் பல் துலக்கட்டும், கொப்பளித்ததை விழுங்காமல் துப்பட்டும்.

அப்பா எடுப்பது ரோட்டாகேப் (பொடி மருந்து அடைத்த கேப்சூலைப் போட்டு இழுப்பது) என்றால் அதில் ஸ்பேசர் பொருந்தாது. மாற்றித் தரக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் இளைப்பே இல்லாதவருக்கு அளவைக் குறைக்கவும் வழி உண்டு. இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மூன்று வாரத்தில் குரல் திறக்கவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்க்கட்டும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இரவில் மாண்டெலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் சேர்ந்த மாத்திரை தருகிறோம். கெட்ட கனவு கண்டு அலறுகிறாள், பகலில் எரிந்து விழுகிறாள், வகுப்பில் தூங்குகிறாள்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளையைத் திட்டாதீர்கள், மாத்திரையைச் சந்தேகியுங்கள். பகல் தூக்கம் லெவோசெட்ரிசினால் வரலாம். கனவும் கோபமும் மாண்டெலுகாஸ்டால் வரலாம்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் இதற்கென்றே மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடவைத்தது. மாத்திரை தொடங்கிய தேதியையும் அலறல் தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் நிறுத்தினால் மறைந்துவிடும், பதிலுக்கு இன்ஹேலர் இருக்கிறது. செத்துப்போகிறேன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றிரவு மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: போகிப் புகையில் இளைப்பு முற்றி, ஐந்து நாளுக்கு ப்ரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை 280-க்கு ஏறிவிட்டது.
- வாசகர், திருவாரூர்

பதில்: இது ஸ்டீராய்டு மாத்திரை, சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் ஏறும், வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே காட்டும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லிச் சர்க்கரை மருந்தின் அளவைக் கேளுங்கள். ஐந்து நாள் மாத்திரையை முடித்ததும் அப்படியே நிறுத்தலாம். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்கள் மட்டும் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.