கட்சிகளின் முதனிலைத் தேர்தல் (பொதுத் தேர்தலில் நிற்கும் வேட்பாளரை ஒவ்வொரு கட்சியும் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு) நாளிலேயே மாநில அரசியலமைப்புத் திருத்தத்தையும் வாக்கெடுப்புக்கு விட்டால், அதைக் கொண்டுவந்த கட்சிக்கு அது சாதகமா?

சாதகம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2022 ஆகஸ்ட் 2 அன்று அந்தக் கணக்கு பொய்த்தது. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பு காக்கிறது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்பைச் செல்லாததாக்கும் திருத்தத்தை, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம், வழக்கமாகக் குறைவானோரே வாக்களிக்கும் நாளில் (தற்செயலாக அல்ல என்றே கருதுகிறேன்) மக்கள் முன் வைத்தது. கட்சி சாராதவர்களுக்கும் திருத்தத்தின் மீது வாக்களிக்கும் உரிமை இருந்ததால், 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தனர். அவர்களில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் அதை நிராகரித்தனர். 2020இல் டிரம்ப் எளிதாக வென்ற மாநிலம் அது. வேட்பாளர் பெயர் இல்லாத கேள்வியில் கட்சிப் பற்று தளர்கிறது. எனினும் அது மறைந்துவிடவில்லை, ஏனெனில் அதே ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சியின் கிரிஸ் கோபாக் அங்கே தலைமை வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.