ஆகஸ்ட் வந்தால் ஒரு கடன்

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். என் ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். மனைவியின் அக்காவும் சகலையும் போன ஆண்டு ஒரு சின்ன ஹைப்ரிட் பள்ளி தொடங்கினார்கள். வாரம் இரண்டு நாள் அங்கே வகுப்பு, மற்ற நாள் வீட்டில் படிப்பு. எங்கள் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படிக்கிறார்கள். ஆளுக்கு 6,800 கட்டணம், புத்தகத்துக்கும் ஆன்லைன் பாடத்துக்கும் 1,400. இரண்டு ஆகஸ்டிலும் 401கே-யிலிருந்து (வேலை வழியாக வரும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) 15,000 கடன் எடுத்துக் கட்டினேன். தவணை போவதால் 401கே-க்குப் பணம் போடுவதை நிறுத்திவிட்டேன் (நான் போடுவதற்கு ஈடாகக் கம்பெனியும் சம்பளத்தில் 4 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது). மனைவி பகுதி நேர வேலைக்கு மாறியதில், மாதம் கைக்கு வந்த 4,100 இப்போது 1,500. அக்கா பள்ளியில் மனைவியே கணக்குப் பாடம் எடுக்கிறார், சம்பளம் இல்லை. இப்போது சகலை, கட்டட லீஸுக்கு மூன்று ஆண்டு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். நண்பர் ஒருவர் படிப்புச் செலவுக்கு ஐ.யு.எல். பாலிசி (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பாலிசியை முதலில் ஒதுக்கிவிடுவோம். உங்களுக்குப் பணம் வேண்டியது அடுத்த ஆகஸ்டில். முதல் சில ஆண்டுகளில் வெளியே வந்தால் சரண்டர் கட்டணம் பிடிக்கிற ஒன்றை அதற்குப் போய் யாராவது வாங்குவார்களா? நண்பருக்குக் கமிஷன் வரும், அவ்வளவுதான்.

படிப்புக்காகச் சேமிக்கும் 529 திட்டத்தையும் யாராவது சொல்வார்கள். 2026 முதல் பள்ளிப் படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 வரை அதிலிருந்து எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் லாபம் பணம் பல ஆண்டு கிடந்து வரியில்லாமல் வளர்வதில் இருக்கிறது. டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது, போட்ட பணத்துக்குச் சலுகையும் இல்லை. ஜூனில் போட்டு ஆகஸ்டில் எடுத்தால் என்ன மிஞ்சும்?

டெக்சஸ் அரசு 2025-ல் சட்டம் போட்டு, 2026-27 கல்வியாண்டிலிருந்து தருகிற உதவித்தொகையையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தனியார் பள்ளிக்கான பெரிய தொகை கிடைக்க, பள்ளி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், இரண்டு ஆண்டாவது நடந்திருக்கவும் வேண்டும். இப்போதைக்கு அக்கா பள்ளி அதில் வராது. வீட்டில் படிக்கிறவர்கள் கணக்கில் ஒரு பிள்ளைக்கு 2,000 வரைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்களைக் கெடுப்பது அந்த ஆகஸ்ட் கடன்தான். 'கட்டும் வட்டி நம் 401கே கணக்குக்கே திரும்பி வருகிறது' என்கிற சமாதானத்தை வாரம் ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள். வட்டி வருகிறது, ஆனால் கம்பெனியின் ஈடு போய்விட்டதே! 1,20,000-ல் 4 சதவீதம், அதாவது 4,800. சும்மா கிடைத்த பணம்.

கூட்டிப் பாருங்கள். கட்டணமும் புத்தகமும் 15,000. மனைவியின் வருமானத்தில் மாதம் 2,600 குறைந்தது, ஆண்டுக்கு 31,200. ஈடு 4,800. மொத்தம் 51,000. 'மலிவான பள்ளி' என்று இதைத்தான் சொல்கிறோம். மனைவி வீட்டில் இருப்பதற்கு வேறு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வேலை போனால் அந்தக் கடன் நிலுவையை அடுத்த வரித் தாக்கல் தேதிக்குள் ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த பணமாகவே கருதி வரி போடுவார்கள். 27,000 நிலுவை என்றால் 10 சதவீத அபராதம் 2,700, உங்கள் வரி அடுக்கில் 22 சதவீதம் கிட்டத்தட்ட 5,900. சம்பளம் நின்ற நேரத்தில் 8,600 டாலருக்கு எங்கே போவீர்கள்?

இதன் மேல் ஜாமீன் வேறு. வாடகை மாதம் 3,500 என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று ஆண்டுக்கு 1,26,000. பத்துக் குடும்பம் நின்றுவிட்டால் இந்த மாதிரி சின்னப் பள்ளி மூடிவிடும், லீஸ் மூடாது. போடாதீர்கள். உதவ ஆசை இருந்தால், திரும்ப வராது என்று நினைத்து 1,000, 2,000 அன்பளிப்பாகக் கொடுங்கள்.

அப்புறம் அந்தக் கணக்குப் பாடம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 4 மணி, 34 வாரம்: 272 மணி நேரம். மணிக்கு 25 டாலர் என்றால் 6,800, ஒரு பிள்ளையின் கட்டணம் அப்படியே. பாடம் எடுக்கிற பெற்றோருக்குக் கட்டணம் குறைப்பது இத்தகைய பள்ளிகளில் புதிதல்ல. அதைக் கேளுங்கள். மீதி 8,200-ஐ ஆகஸ்டில் மொத்தமாகக் கட்டாமல் பத்து மாதத் தவணையாக, மாதம் 820. மனைவி வாரம் ஒரு நாள் கூடுதலாக வேலை பார்த்தால் அது வரக்கூடும். வராவிட்டால் ஒரு பிள்ளையை வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியில் சேருங்கள். மூன்றாவது ஆகஸ்ட் கடன் மட்டும் வேண்டாம். 401கே-யில் ஈடு கிடைக்கிற அளவுக்காவது அடுத்த சம்பளத்திலிருந்தே திரும்பப் போடத் தொடங்குங்கள்.

சகலையிடம் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டுங்கள். கட்டணக் குறைப்புப் பேச்சை அவர்தான் அக்காவிடம் எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தால் அது வேறு சண்டையாகிவிடும்.